பெத்தணன் கட்டைவிரலும் சீர்க் கிடாயும்

பெத்தணன் அந்தக் கிடாயைக் கடைசியாக உயிரோடு பார்த்தது வெள்ளிக்கிழமை காலையில். வேலியோரம் அகத்திக்கொப்பை மென்றுகொண்டு, நாலு காலையும் நன்றாக ஊன்றி நின்றது. அதைப் பார்க்கத்தான் பெத்தணனுக்கு வயிற்றெரிச்சல்.

அவனுடைய வலதுகால் கட்டைவிரல் வீங்கி, துணி பட்டாலே உயிர் போனது. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் கிடாயைப் பிடித்துக்கொண்டு மூன்று தெரு நடந்து சீர் கொண்டுபோக வேண்டும். மூத்தவள் காதுகுத்துக்கு வண்டியில் போனதற்கே தங்கச்சி பாப்பாத்தி இரண்டு வருசம் பேசவில்லை. இந்தத் தடவை, "நடந்து வரலைன்னா வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஒச்சுவும் காசிமாயனும் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். டாக்டரம்மா விரலைப் பார்த்தார்.

"யூரிக் அமிலம் சேர்ந்திருக்கு. ஆடு மாட்டுக்கெல்லாம் அதை உடைக்கிற நொதி ஒண்ணு ஈரல்ல இருக்கு, யூரிகேஸ்னு பேரு. மனுசனுக்குக் கிடையாது. மாத்திரை போடுங்க. கறி திங்கக் கூடாது. விரலுக்குப் பாரம் கொடுக்காதீங்க."

வீட்டுக்கு வந்து மூவரும் யோசித்தார்கள்.

"கிடாய்கிட்ட இருக்கு, அண்ணன்கிட்ட இல்லை. ஒரே வீட்டுல இப்படி இருக்கலாமா?" என்றான் ஒச்சு.

"அதுகிட்ட எப்படிடா வாங்குறது?"

"ஈரல்லதான் இருக்காம்ல?"

"கறி திங்கக் கூடாதுன்னாங்களே."

"ஈரலைச் சொல்லலையே! கறியை நாங்க தின்னுக்கிறோம்ணே. அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம்."

அன்று மத்தியானம் முழு ஈரலையும் பெத்தணன் ஒரே ஆளாகத் தின்றான். ஈரல் இருக்கும்போது மாத்திரை எதற்கென்று கூரையில் செருகி வைத்தார்கள்.

சனிக்கிழமை விரல் கத்தரிக்காய் மாதிரி ஆனது.

"உள்ள அமிலமும் யூரிகேஸும் மல்லுக்கட்டுது" என்றான் ஒச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேளக்காரர்கள் வந்தார்கள். பெத்தணன் கயிற்றைத் தேடி எடுத்தான்.

"கிடாய் எங்கடா?"

காசிமாயன் வெறும் வேலியோரத்தைப் பார்த்தான்.

"அண்ணே, யூரிகேஸ் இப்ப உன்கிட்ட இருக்கு. டாக்டரம்மா சொன்னபடி பார்த்தா நீ மனுசனே இல்லை."

"அப்ப?"

"முட்டி போட்டுத் தவழ்ந்து போ. கிடாயும் ஆச்சு, விரலுக்குப் பாரமும் இல்லை."

"தாய்மாமன் யாருடா?"

"அதுவும் நீதானே? கயித்தை நீயே பிடிச்சுக்க."

கழுத்தில் மாலை, வாயில் கயிறு. மூன்று தெருவும் மேளத்தோடு போனார்கள். பாப்பாத்தி வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நடந்து வரச் சொன்னேனே?"

"நாலு காலால நடந்திருக்காருக்கா. ரெண்டு மடங்கு" என்றான் ஒச்சு.

பாப்பாத்தி யோசித்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அண்ணன் நெற்றியில் குங்குமம் வைத்து, விலாவைத் தடவிப் பார்த்தாள்.

"மெலிவா இருக்கு. தை மாசம் வரைக்கும் வளர்ப்போம்" என்று சொல்லி, தொழுவத்து முளையில் கட்டி, அகத்திக்கொப்பு போட்டாள்.

கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஒச்சுவும் காசிமாயனும் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேராகத் திரும்பினார்கள்.

பெத்தணன் வீட்டுக் கூரையில் பத்து மாத்திரைகள் செருகியபடியே இருக்கின்றன.