கரிச்சானும் கொண்டைக்குருவியின் குரலும்

அந்தக் காலத்தில், மனிதர்களைப் போலவே பறவைக்கும் மாட்டுக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, கண்மாய்க்கரைக் காட்டில் பறவைகளுக்கென்று ஒரு படை இருந்தது. படை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சில மைனாக்கள், கொஞ்சம் தவிட்டுக்குருவிகள், காலையில் வந்து மத்தியானம் காணாமல் போகும் கிளிகள், அவ்வளவுதான். ஆனால் அதற்கு வாய்த்த தளபதி லேசுப்பட்டவன் இல்லை. அவன்தான் கரிச்சான்.

உடம்பு ஒரு கைப்பிடி தேறாது. ஆனாலும் காக்கைக் கூட்டத்தை ஒற்றை ஆளாக விரட்டிவிடுவான். அப்போது அவன் வால் இப்போது இருப்பதுபோல் இல்லை; விசிறி மாதிரி முழுசாக விரியும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சண்டை இல்லாத நேரத்தில் சும்மா இருக்க மாட்டான். எந்தப் பறவை எப்படிக் கத்துகிறது, எதற்குக் கத்துகிறது என்று உட்கார்ந்து கேட்பான். கேட்டதை அப்படியே திருப்பிக் கத்துவான். அவன் மைனா குரலில் கூப்பிட்டால் மைனா வரும், கௌதாரி குரலில் கூப்பிட்டால் கௌதாரி வரும்.

ஒரு நாள் அவனை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. கூட்டில் கிடக்கும் குஞ்சு தன் தாயைக் கண்ணால் அறிகிறதா, காதால் அறிகிறதா? காதால்தான் என்றால், தாய் இல்லாத நேரத்தில் எதிரி வந்தாலும் தாயின் குரலிலேயே ‘பதுங்கு’ என்று சொல்லிவிடலாம். ஒரே காவல்காரன் ஒரு காட்டையே காப்பாற்றலாம். நல்ல எண்ணம்தான். கெட்டது செய்ய நினைத்து அவன் தொடங்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சோதித்துப் பார்க்க அவன் பிடித்தது அழகாயியின் கூட்டை. அழகாயி ஒரு கொண்டைக்குருவி. காரைப் புதரில் கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்திருந்தாள். அவள் புருஷன் இரை தேடப் போனால் வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று கதை பேசும் ஆள், அதனால் எல்லா வேலையும் இவள் தலையில். அவள் அத்திப்பழம் எடுக்கக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, கரிச்சான் புதர் ஓரத்தில் உட்கார்ந்து அவள் குரலில் கூப்பிட்டான். கூட்டோடு கூடாக ஒட்டிக் கிடந்த குஞ்சுகள் சட்டென்று கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தன.

காதால்தான் என்று தெரிந்துபோயிற்று. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். படித்தவன் ஆயிற்றே, விடுவானா? இடம் மாறி உட்கார்ந்து இன்னொரு தடவை கூப்பிட்டான். நிச்சயம் செய்துகொள்ள மறுபடியும் ஒரு தடவை. குஞ்சுகளும் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கின. அவன் பார்வை அவற்றின் மேலேயே இருந்தது. பனை உச்சியில் உட்கார்ந்திருந்த வல்லூறும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நிழல் வந்து போயிற்று. கூட்டில் ஒன்றும் இல்லை.

அழகாயி பழத்தோடு திரும்பியபோது காடே அங்கே கூடியிருந்தது. “நீ கத்தினது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. வல்லூறு குந்தியிருக்கிறப்போ புள்ளைங்களை இப்படியா கூப்பிடுவா ஒருத்தி?” என்று மைனா திட்டியது. வரும் வழியில் தன் குரல் அழகாயிக்கும் கேட்டிருந்தது. தன்னை அறியாமல் கத்திவிட்டோம் போலிருக்கிறது என்று அவளே நம்பிவிட்டாள்.

தளபதி மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை; அவனும் அங்கேதான் நின்றான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். சொல்லுக்குப் பதில் அந்தக் குஞ்சுகளின் கீச்சுக்குரல்தான் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டான்.

அன்றோடு படையை விட்டான். யார் குரலிலும் கத்துவதில்லை, சொந்தக் குரலிலும் கத்துவதில்லை. கருப்பாயி என்ற எருமையின் முதுகில் உட்கார்ந்து, அவள் கால் பட்டு எழும்பும் பூச்சிகளைப் பிடித்துத் தின்று பொழுதைத் தள்ளினான். தினமும் விடிகிற நேரத்தில் அந்தக் கீச்சுக்குரல் தொண்டையில் ஏறும். அதை விழுங்கிவிட்டுத்தான் அன்றைய வேலையைப் பார்ப்பான்.

கருப்பாயி ஒரு நாள் அசைபோட்டபடியே கேட்டாள். “தளபதியாரே, என் முதுகு என்ன சத்திரமா? வருஷம் பூரா குந்தியே கிடக்கீரு.”

“பாரமா இருந்தா இறங்கிடறேன் அக்கா.”

“உம்ம உடம்பு பாரமில்ல. உள்ளே வெச்சிருக்கீரே, அதுதான் பாரம். அன்னிக்குப் புதருக்குப் பக்கத்துல மேய்ஞ்சுக்கிட்டிருந்தவ நான். நீரு பண்ணினதைப் பார்த்தேன். நீரா சொல்லுவீருன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்.”

கரிச்சான் அவள் கொம்பு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தான். “சொன்னா அழகாயி என்னைக் கொத்தியே கொன்னுடுவா” என்றான்.

“கொத்தட்டுமே. இப்போ தினம் தன்னையே கொத்திக்கிட்டு இருக்கா. அதுக்கு இது தேவலை” என்றாள் கருப்பாயி.

எருமை சொன்னது பொய்யில்லை. அந்தப் பருவத்தில் அழகாயி அதே புதரில் மறுபடி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தாள். இந்தக் குஞ்சுகளுக்கு அவள் போட்ட முதல் கட்டளையே வேறு. “யார் கூப்பிட்டாலும் தலையைத் தூக்காதீங்க. என் குரல்ல கேட்டாலும் தூக்காதீங்க” என்று சொல்லி வைத்திருந்தாள். இரை கொண்டு வந்தால் சத்தம் காட்டாமல் வந்து நிற்பாள். குஞ்சுகளோ வந்தது அம்மாவா எமனா என்று தெரியாமல் வாயை இறுக்கிக்கொள்ளும். பழம் புதருக்குள் விழுந்து எறும்புக்குப் போகும். அலகால் நெம்பித்தான் ஊட்ட வேண்டியிருந்தது. குஞ்சுகள் இறகு முளைக்க வேண்டிய வயதில் எலும்பும் தோலுமாகக் கிடந்தன.

எருமை முதுகிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்துக் கரிச்சானின் மனசு ஆறவில்லை. ஒரு காலையில் எழுந்து, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சொல்லிவிடப் புறப்பட்டான். பாதி வழியில் பனை உச்சி அசைவதைப் பார்த்தான். வல்லூறு புதரைக் குறிவைத்து இறங்கிக்கொண்டிருந்தது. அழகாயி கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் தன்னால் முந்த முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. முந்தக்கூடியது குரல் ஒன்றுதான். அந்தக் குரலைத்தான் அவன் புதைத்து வைத்திருந்தான். அதே புதர், அதே வல்லூறு. மறுபடியும் தப்பாகிப்போனால் என்று பயந்தான். ஆனாலும் வாயைத் திறந்தான்.

வந்தது வல்லூற்றின் குரல். இது என் இடம், வெளியே போ என்று இன்னொரு வல்லூறு மிரட்டும் குரல். இறங்கிக்கொண்டிருந்த வல்லூறு திடுக்கிட்டு, போட்டிக்கு வந்தவன் யாரென்று அந்தரத்தில் திரும்பிப் பார்த்தது. கூட்டில் கிடந்த குஞ்சுகள் இன்னும் ஆழமாகப் பதுங்கின. அந்தக் கணம் போதும் கரிச்சானுக்கு. பறந்து வந்து வல்லூற்றின் தலையில் கொத்தினான். அது உருண்டு திரும்பி அவன் வாலைப் பிடித்தது. நடு இறகுகள் மொத்தமாகப் பிய்ந்து போயின. அவன் விடவில்லை, பனங்காட்டைத் தாண்டும்வரை துரத்திவிட்டுத்தான் திரும்பினான்.

வல்லூறு குரல் கேட்டு அலறிக்கொண்டு வந்த அழகாயி, கூட்டுக்குப் பக்கத்தில் கரிச்சான் மூச்சிரைக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். குஞ்சுகள் பத்திரமாக இருந்தன.

“தளபதி, உங்க வாலு...”

“வாலை விடு தாயி. போன வருஷம் உன் குரல்ல கூப்பிட்டது நான். ஒரு சோதனைக்காகக் கூப்பிட்டேன். நீ கத்தவே இல்லை. உன் மேல ஒரு தப்பும் இல்லை.”

அழகாயி அவன் தலையில் கொத்தினாள். மறுபடியும் கொத்தினாள். அவன் நகரவில்லை. கொத்தக் கொத்த அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“ஒரு வருஷமா என் குரலை நானே வெறுத்துக்கிட்டு இருந்தேன். தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தே?”

“ஆமா” என்றான். வேறு சமாதானம் எதுவும் அவன் சொல்லவில்லை. “நான் இந்தக் காட்டை விட்டே போயிடறேன்” என்றான்.

“போயிட்டா? நாளைக்கு வல்லூறு வந்தா யாரு துரத்துறது?” என்றாள் அழகாயி. “மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. அது என்னால முடியுதோ இல்லையோ, எனக்கே தெரியல. ஆனா அடுத்த கூட்டை நீ இருக்கிற மரத்துலதான் கட்டப்போறேன். என் கண்ணு முன்னாலேயே இரு. காவல் கா. ஊரார் குரலையெல்லாம் வெச்சுக்கோ. என் குரலை மட்டும் எனக்கே விட்டுடு.”

சொல்லிவிட்டுக் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து, அந்த வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுக் குஞ்சுகளைக் கூப்பிட்டாள். அவை அசையவில்லை. “நான்தாண்டா, அம்மா” என்று மறுபடி கூப்பிட்டாள். ஒரு வாய் மெதுவாகத் திறந்தது. பிறகு இன்னொன்று. கரிச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

“இப்பவாவது என் முதுகுக்கு விடுதலை உண்டா?” என்று கருப்பாயி கீழேயிருந்து கேட்டாள். அது மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

கரிச்சான் வால் நடுவில் பிளந்து கிடப்பதும், எல்லாப் பறவைக்கும் முன்னால் எழுந்து அவன் வல்லூறு குரலில் கத்துவதும் அன்று முதல்தான். கொண்டைக்குருவியும் மாங்குயிலும் புறாவும் அவன் இருக்கும் மரமாகத் தேடிப் பார்த்துத் தங்கள் கூட்டைக் கட்டுவதும் அன்று தொட்டுத்தான். அந்த மரத்தில் குஞ்சுகள் அம்மாவின் குரல் கேட்டதும் பயமில்லாமல் வாயைத் திறக்கின்றன.