மன்னருக்கு எண்ணெய் தேய்த்த பிரதானி

கொன்றையூர் மன்னர் கனகசிங்கருக்கு ரோசம் அதிகம். யோசனை கம்மி. இரண்டும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் என்ன வரும்? உத்தரவு வரும். வந்தது.

"உடம்பில் பச்சை குத்தியவர் எவரும் இனி அரண்மனையில் வேலை பார்க்கக் கூடாது. பச்சை குத்திய தோல் அரண்மனைப் பொருள் எதிலும் படக் கூடாது. பச்சையைப் பார்த்தும் மறைத்தவருக்கு மொட்டை, கழுதை ஊர்வலம்."

ஓதிவிட்டவர் பிரதானி அனந்தராயர். "பக்கத்து நாட்டு ராசாக்கள் சிரிக்கிறார்கள், மகாராசா. நம் ஆட்கள் கிறுக்கிய சுவர் மாதிரி திரிகிறார்களாம்" என்றார். மன்னருக்குச் சுருக்கென்றது. மொட்டையும் கழுதையும் பிரதானியே சேர்த்த சரக்கு.

அவருடைய குறி ஒரே ஆள்தான். சங்கிலி. சனிக்கிழமைதோறும் மன்னருக்கு எண்ணெய் தேய்ப்பவன். பிரதானி ஏரித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்ட சங்கதியை, முதுகைத் தேய்த்தபடியே மன்னர் காதில் போட்டவன். அவன் முன்கையில் ஒரு பச்சை இருந்தது. மயில் என்று சொல்லிக் குத்திக்கொண்டது. பார்த்தவர்கள் கோழி என்பார்கள்.

கோழியோ மயிலோ, வேலை போயிற்று. கூடவே சமையல்கட்டில் பாதிப் பேரும் போனார்கள். அன்று மன்னர் சாப்பிட்ட குழம்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

சங்கிலி நேரே விகடகவி செவந்தியப்பன் வீட்டுக்குப் போனான்.

"சாமி, தை மாசம் மக கல்யாணம். அரண்மனை ஆளுன்னுதான் பொண்ணு கேட்டாங்க. இப்ப தெருவிலே நிக்கிறேன்."

"மயிலைச் சுரண்டி எடுத்தால் என்ன?"

"தோலும் வரும் சாமி."

"உன் எண்ணெயை மன்னர் விடமாட்டாரே. நீ காலில் விழவில்லையா?"

"விழுந்தேன். பச்சை குத்தினவனைப் பாத்தாலே அருவருப்பா இருக்குன்னாரு." சங்கிலிக்குப் பொறுக்கவில்லை. "யாரு சொல்றது பாருங்க!" என்றவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

செவந்தியப்பன் விடுவாரா? கதவைச் சாத்தினார். "காதில் சொல்."

சங்கிலி சொன்னான். செவந்தியப்பனுக்கு வெற்றிலை புரையேறியது. சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அவருக்கே தெரியாதா?"

"கண்ணு பின்னாலயா இருக்கு? எனக்கு முன்னே அவருக்கு எண்ணெய் தேச்ச எங்கப்பன் சொல்லித்தான் எனக்கே காரணம் தெரியும். வெளியே விட்டுடாதீங்க சாமி."

"நான் ஏன் சொல்கிறேன்? சொல்வதற்கு வேறு ஆள் பிடிக்கிறேன்."

மறுநாள் சபையில் மன்னர் தலையைச் சொறிந்தார். "நாளை சனிக்கிழமை. எனக்கு யார் எண்ணெய் தேய்ப்பது?"

செவந்தியப்பன் எழுந்தார். "சும்மா ஓர் ஆளை விடலாமா அரசே? எவன் எதை எங்கே குத்தி வைத்திருக்கிறானோ! அப்பழுக்கில்லாத மேனி என்றால் நம் பிரதானியாருடையதுதான்."

பிரதானி முறைத்தார். ஆனால் அவர் கணக்கு வேறு. எண்ணெய் தேய்க்கும்போது எதைக் கேட்டாலும் மன்னர் 'உம்' போடுவார். ஏரி விவகாரத்தை அங்கேயே முடித்துவிடலாம். "என் பாக்கியம்" என்று குனிந்தார்.

சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே போனார். மன்னர் கோவணத்தோடு குப்புறப் படுத்திருந்தார். வெளியே வந்தபோது பிரதானி பேயறைந்த மாதிரி இருந்தார். ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

ஞாயிறு சபையில் செவந்தியப்பன் ஆரம்பித்தார். "பிரதானியாரே, உத்தரவு ஒழுங்காக நடக்கிறதா? நேற்று அரண்மனையில் யார் உடம்பிலாவது பச்சை பார்த்தீரா?"

"அது… வந்து…"

"பார்த்தீரா, இல்லையா?"

"எனக்குத் தலை சுற்றுகிறது."

"சுற்றட்டும். பதிலைச் சொல்லும்" என்றார் மன்னர்.

"சொன்னால் என் தலை போய்விடும், மகாராசா."

"போகாது. என் வாக்கு. எந்தப் பயல் அவன்?"

பிரதானியின் விரல் மெல்ல எழுந்தது. சிங்காசனத்தைப் பார்த்து நின்றது.

"ஒரு தேள், மகாராசா. பெரியது."

"என் மேலா? எங்கே?"

"மகாராசா… உட்காரும் இடத்தில்."

மன்னர் துள்ளி எழுந்தார். இரண்டு கையும் தாமாகவே பின்னால் போயின. "பொய்!"

"பொய் இல்லை அரசே" என்றார் செவந்தியப்பன். "உங்களுக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதைத் தூக்க எமன் வந்தால், பழுதுள்ள பிள்ளை என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்று உங்கள் தாயார் குத்த வைத்தது. முகத்தில் குத்த மனசு வரவில்லை."

மன்னர் விறுவிறுவென்று அந்தப்புரத்துக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ராணியின் சிரிப்பு மண்டபம் வரை கேட்டது. "இவ்வளவு நாளாத் தெரியாதா உங்களுக்கு?" என்ற குரலும் கேட்டது. சபை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மன்னர் சிவந்த முகத்தோடு திரும்பினார். சிங்காசனத்தருகில் வந்து உட்காரப் போனார்.

"நில்லுங்கள் அரசே!" என்றார் செவந்தியப்பன். "பச்சை குத்திய தோல் அரண்மனைப் பொருளில் படக் கூடாது. உத்தரவு. நின்றுகொண்டே ஆளுங்கள்."

மன்னர் நின்றார். சங்கிலியின் மயிலை நினைத்தாரோ, அம்மாவை நினைத்தாரோ, தெரியாது. வாயோரம் முதலில் துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. சபை மொத்தமும் சேர்ந்துகொண்டது.

"உத்தரவைக் கிழித்துப் போடுங்கள். போனவர்கள் எல்லோரும் இன்றே திரும்பட்டும். முதலில் சமையல்கட்டு! சங்கிலி மகள் கல்யாணம் அரண்மனைச் செலவு."

"என் கதி, மகாராசா?" என்றார் பிரதானி.

"நேற்றே பார்த்தும் இன்றுவரை மறைத்தீர். தலைக்குத்தான் வாக்குக் கொடுத்தேன். முடிக்கு இல்லை. கழுதையைப் பிடித்து வரச் சொல்லுங்கள்." மன்னர் பெருமூச்சு விட்டார். "செவந்தி, கால் வலிக்கிறது. இப்போதாவது உட்காரலாமா?"

"தாராளமாக அரசே. மெதுவாக உட்காருங்கள். தேள் நசுங்கிவிடப் போகிறது."