டம்ளருக்கு அடியில் ஓர் எண்

"அக்கா, நீங்க என்னைக் காப்பாத்துதீங்க. ஒத்துக்கோங்க."

நப்பின்னை இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாடி ஏறி வந்த மூச்சோடு கேட்டாள்.

மாடத்தி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். கீழே இருப்பது அவளுடைய ஜெராக்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது; மாடியில் கதையாட்டம். ஒரு மேசை, ஒரு வரைபடம், இருபது முகம் வைத்த ஒரு பகடை. கதையை நடத்துகிறவள் மாடத்தி. முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்த மேசையில் அவள் சொன்னால் மழை பெய்யும்.

ஆட்டம் இவ்வளவுதான். கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று ஆடுகிறவர் சொல்ல வேண்டும். அது எவ்வளவு கஷ்டமோ அதற்கேற்ற ஓர் எண்ணை மாடத்தி மனசுக்குள் வைப்பாள். பகடையில் விழுவது அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ காரியம் நடந்தது. தொடாவிட்டால் இல்லை.

மனசுக்குள். அந்த ஒரு சொல்தான் நப்பின்னையை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை.

"காப்பாத்துதேன்னு யாரு சொன்னா?"

"என் நோட்டு சொல்லுது."

நோட்டைப் பிரித்து மேசையில் அறைந்தாள். படிப்பது புள்ளியியல், வெறும் வாய்ப்பேச்சோடு சண்டைக்கு வருகிறவள் இல்லை.

"போன வாரம். ஒரே ஆறு, ஒரே வெள்ளம். செல்வின் பதினேழு போட்டான், அவன் ஆளு முங்கிச் செத்தான். நான் ஒம்பது போட்டேன், என் ஆளு வஞ்சி கரையேறிட்டா. இது எந்த ஊரு நியாயம்?"

ஜன்னலோரம் முறுக்கு தின்றுகொண்டிருந்த செல்வின் அவளோடு படிக்கிறவன். ஆடுகிற மற்ற மூன்று பேர் இன்னும் வரவில்லை. செத்தவனுக்குரிய கோபம் அவனிடம் இன்னும் இருந்தது.

"நான்தான் சொன்னேனே. ஆடுத அஞ்சு பேர்ல நீ ஒருத்திதான் பொம்பளைப்பிள்ளை. உனக்கு மட்டும் ஆறு முழங்காலளவு."

"கேட்டீங்களா? டிபார்ட்மெண்ட் பூரா இதே பேச்சு. பதினோரு மாசமா வஞ்சி பிழைச்சுக் கிடக்கது என் புத்தியாலயா, உங்க இரக்கத்தாலயா? எனக்குத் தெரிஞ்சாகணும். இரக்கம்னா சொல்லிருங்க. இன்னையோட நான் இந்த மாடி ஏற மாட்டேன்."

மாடத்தி பென்சில் முனையை ஊதினாள்.

"அன்னைக்கு ஆத்தை எப்படிட்டி கடந்தே?"

"எருமை எந்தப் பக்கம் இறங்குதுன்னு பாத்துட்டே நின்னேன். அப்புறம் ஒண்ணோட வாலைப் பிடிச்சுக்கிட்டே போனேன்."

"நோட்டில அது இருக்கா?"

"அதெதுக்கு நோட்டில?"

"செல்வின்?"

"குதிச்சான். அவன் எதுக்குத்தான் குதிக்கல?"

"கவசத்தோட குதிச்சேன்," என்றான் செல்வின் பெருமையாக.

"பேச்சை மாத்தாதீங்கக்கா. இன்னைக்கு வஞ்சி மருந்தோட திரும்பணும். அக்கரையில ஊரே காய்ச்சல்ல கிடக்கு. அதே ஆறு, அதே வெள்ளம். நான் எறியதுக்கு முன்னால நீங்க எண்ணை எழுதி டம்ளருக்கு அடியில வைக்கணும். எறிஞ்சதும் நானே எடுத்துப் பாப்பேன். இவன் சாட்சி."

"சரி."

இவ்வளவு லேசில் யாராவது சரி என்பார்களா? நப்பின்னைக்குச் சந்தேகம் கூடிற்று. தாளை வெளிச்சத்தில் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். டம்ளருக்குள் விரலைவிட்டுத் தடவினாள். பகடையை மூன்று தடவை சும்மா உருட்டினாள்.

"எழுதுங்க."

மாடத்தி பென்சிலைத் தாளில் ஊன்றினாள். எழுதவில்லை. நப்பின்னையின் முகத்தையே பார்த்தாள்.

"எனக்கு எழுத ஒண்ணும் இல்லையேட்டி."

"எப்படி இருக்கும்? பகடை விழுந்தப்புறம்தானே உங்களுக்கு எண்ணே பிறக்கும்!"

செல்வின் முறுக்கோடு சிரித்தான்.

"நான் திரும்பிக்கிடுதேன்," என்றாள் நப்பின்னை. "நான் எட்டிப் பாத்துட்டேன்னு நாளைக்கு ஒருத்தன் வாயைத் திறக்கக் கூடாது. ஏலே, நீயும் திரும்பு."

இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். பென்சில் உரசும் சத்தத்துக்கு நப்பின்னை காதைத் தீட்டிக்கொண்டாள். மின்விசிறி கடகடத்தது. பிறகு டம்ளர் மேசையில் உட்கார்ந்த சத்தம்.

டம்ளர் கவிழ்ந்திருந்தது. உள்ளே மடித்த தாள். மாடத்தி கையைக் கட்டிக்கொண்டு, எதற்கோ காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் காத்திருப்பும் நப்பின்னைக்குக் கள்ளத்தனமாகவே பட்டது. யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது. எறிந்தாள்.

பகடை வரைபடத்தின் மலைகளைத் தாண்டி உருண்டு நின்றது.

பதின்மூன்று.

பிழைக்கவும் போதும், சாகவும் போதும்.

"அக்கா பதினஞ்சு எழுதியிருப்பாங்க," என்றான் செல்வின். "உனக்குன்னா பன்னெண்டு."

"வாயை மூடுலே."

டம்ளரைத் தூக்கினாள். தாளைப் பிரித்தாள்.

வெள்ளை.

திருப்பினாள். அந்தப் பக்கமும் வெள்ளை.

"பாத்தியாலே! எண்ணே கிடையாது! பதினோரு மாசமும் இப்படித்தான் நடந்திருக்கு!" நோட்டைப் பைக்குள் திணித்தாள். செல்வின்கூட மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"ஏன் எழுதல? ஒரு காரணம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் போயிருதேன்."

மாடத்தி பகடையை எடுத்து அவள் உள்ளங்கையில் திரும்ப வைத்தாள்.

"வெள்ளம் ஏறுது. வஞ்சி இன்னும் கரையிலதான் நிக்கா. என்ன செய்யுதான்னு நீ இன்னும் சொல்லவே இல்லையேட்டி. சொல்லு, என்ன செய்யுதா?"