தூங்குகிற தேவதாரு

முன்னொரு காலத்தில், வெயிலுக்கே பேர்போன ஒரு நாட்டின் மன்னருக்கு விபரீதமான ஆசை ஒன்று வந்தது. வடக்கேயிருந்து வந்த குதிரை வியாபாரி ஒருவன் காணிக்கையாக ஒரு பிடி விதையைக் கொடுத்து, "இது தேவதாரு. பனிமலையில் வானம் முட்ட வளரும். இலை ஊசி ஊசியாக இருக்கும், எந்தக் காலத்திலும் பச்சை மாறாது" என்றான். அவ்வளவுதான்.

"நம் அரண்மனைத் தோட்டத்தில் அது வளர்ந்தாக வேண்டும்" என்றார் மன்னர்.

"வளராமல் என்ன, அரசே! தங்கள் ஆணைக்குப் பருவங்களே கட்டுப்படும். தாங்கள் சொன்னால் சித்திரையிலும் மார்கழி வரும்" என்றார் மந்திரி திருமேனியார். மன்னருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

விதையில் பாதி தோட்டக்காரி உலகம்மையிடம் போனது. அந்த நாட்டில் விதைநெல்லை எப்படி முளைகட்டுவார்களோ அப்படியே அவள் செய்தாள். ஊறவைத்து, கோணியில் கட்டி, வைக்கோலுக்குள் புதைத்து, மேலே கல்லேற்றி, சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டாள். நெல்லாக இருந்தால் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருக்கும். இதுவோ அழுகி நாறியது.

சபைக்கு வந்து, "முளைக்கலைங்க சாமி" என்று நின்றாள்.

அரசவை விகடன் அனந்தப்பனுக்கு வாய் சும்மா இருக்குமா? "எப்படி முளைக்கும் அரசே? தலையை நீட்டிப் பார்த்திருக்கும். எதிரே உலகம்மையின் முகம்! ஐயோ என்று உள்ளேயே உயிரை விட்டிருக்கும்."

சபை குலுங்கியது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று உலகம்மையும் சிரித்தாள். மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்படியானால் இந்த முகம் நம் தோட்டத்துக்கு ஆகாது. இன்றே அங்குள்ள வீட்டைக் காலி செய்யட்டும்" என்றார்.

அனந்தப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தான். எல்லாரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

அவன்மேல் வெகுநாளாகப் பொறாமையில் வெந்த திருமேனியார் சமயத்தை விடவில்லை. "விதையின் மனம் இவ்வளவு தெரிந்தவர், மீதி விதையை அவரே முளைக்க வைக்கட்டுமே. சித்திரை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதுவரை தவணை. முடியாவிட்டால் அவரும் மூட்டை கட்டட்டும்."

"ஆகட்டும்" என்றார் மன்னர்.

தோட்டத்து வீட்டில் உலகம்மை சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கய்யா. இந்த மம்மட்டிய எடுத்துக்கிடலாமா, இல்ல இதுவும் அரமனைச் சொத்தா?"

"உலகம்மை, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது..."

"நல்லாத்தான சொன்னீங்க. எனக்கே சிரிப்பு வந்துருச்சே."

"இனி எங்கே போவாய்?"

"மக வீட்டுக்குத்தான். மருமவன் என்ன சொல்வாரோ, தெரியல."

ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. தலை நிமிராமலே திரும்பி, நேரே சத்திரத்துக்குப் போய்க் குதிரை வியாபாரியைப் பிடித்தான்.

வியாபாரி தலையில் அடித்துக்கொண்டான். "வைக்கோல் சூட்டில் வைத்தீர்களா! எங்கள் பக்கம் அதை யாரும் முளைகட்டுவதில்லை ஐயா. தானாக விழும், பனி மூடும், குளிர்காலமெல்லாம் தூங்கும். பனி உருகினால் தானே எழுந்திருக்கும்."

சித்திரை பிறந்தது. அனந்தப்பன் ஒரு சிறு கட்டிலைச் சபை நடுவே போட்டான். மெத்தை விரித்து, விதை போட்ட மண்சட்டியைப் படுக்க வைத்து, கழுத்துவரை போர்த்திவிட்டான்.

"உஷ்! மெதுவாகப் பேசுங்கள். விதை தூங்குகிறது."

"எழுப்பும் ஐயா!" என்று உறுமினார் திருமேனியார்.

"மார்கழிக் குளிர் வந்து போனால்தான் இது கண் விழிக்கும். அரசர் சொன்னால் சித்திரையிலும் மார்கழி வரும் என்று இதே சபையில் சொன்னவர் தாங்கள். அதை நம்பித்தானே காத்திருக்கிறேன்! அரசே, ஆணையிடுங்கள்."

மன்னர் மந்திரியைப் பார்த்தார். "வருமா?"

திருமேனியாருக்கு வேர்த்துக் கொட்டியது. "அது... அரசே... ஒரு பேச்சுக்குச் சொன்னது..."

மன்னர் சிம்மாசனத்தில் புரண்டு புரண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அனந்தப்பன் கை நீட்டவில்லை.

"அரசே, நானும் அன்று ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். மந்திரியார் பேச்சால் ஒரு துளி பனிகூட விழவில்லை. என் பேச்சால் ஒருத்தியின் வீடே போய்விட்டது. வைக்கோலில் வைத்தது அவள் குற்றமா? இந்த நாட்டில் யாரிடம் கொடுத்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மாலை வேண்டாம். அவளுக்குத் தோட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள்."

மன்னரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "சிரித்தவன் நானும்தானே" என்றார். தோட்டத்தைக் கொடுத்தார். மாலையையும் அவளுக்கே கொடுத்தார். மீதி விதையைக் குளிர்காலத்தில் நாட்டிலேயே குளிர் மிகுந்த மலையுச்சிக்கு அனுப்ப ஆணையிட்டார். பனிக்காலம் கழிந்ததும் அங்கே ஒன்றே ஒன்று ஊசிப் பச்சையாகத் தலை நீட்டியது. அது பிற்பாடு நடந்த சங்கதி.

உலகம்மை சபைக்குத் திரும்பிவந்த அன்று நடந்தது வேறு. எல்லார் முன்னாலும் அனந்தப்பன் கைகூப்பி, "என்னை மன்னித்துவிடு, தாயே" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"போவட்டும் ஐயா" என்றாள் அவள். "ஆனா, நான் மக வீட்டுக்குப் போய்ச் சேருறதுக்கு முந்தியே நீங்க சொன்னது அங்க போய்ச் சேந்துருச்சு. மருமவன் வீட்டுச் சனமெல்லாம் என் மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சிரிச்சுது. தோட்டத்த வாங்கிக் குடுத்துட்டீங்க. அந்தச் சிரிப்ப எப்படித் திருப்பி வாங்குவீங்க?"