சோறு செரிக்காத ராசா

ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு, அந்த ஊருல நல்லமராசான்னு ஒரு ராசா, அவருக்குச் செங்கமலம்னு ஒரு ராணி இருந்தாங்களாம். ராசா கல்லைத் தின்னாலும் கரைச்சிருவாரு, அப்படி ஒரு வயிறு.

அவருக்கு ஒரு மந்திரி, பேரு கொண்டப்பன். ஒருநாள் ராசா சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில வந்து, "எல்லையில எதிரிப்படை கூடாரம் போட்டிருக்கு"ன்னான். ராசாவுக்குக் கை அப்படியே நின்னுபோச்சு. மீதிச் சோத்தை மெல்லாம முழுங்கிட்டு, "எனக்கு ஒண்ணும் ஓடலை, நீயே பாத்துக்கோ"ன்னு எந்திரிச்சுட்டாரு. கொண்டப்பன் யோசிச்சான். சாப்பிடுற நேரத்துல பயங்காட்டுனா இந்த ஆளு நாட்டையே நம்ம கையில குடுத்துருவாரு போலயேன்னு.

அதுக்கப்புறம் பாருங்க, ராசா இலையில கை வச்சாப் போதும், மந்திரி வந்து நிப்பான். காலையில பலகாரம் சாப்பிட்டா, "மகாராசா, ஏரிக்கரை உடையப்போகுது"ம்பான். மத்தியானம் சோறு சாப்பிட்டா, "மகாராசா, குதிரைக்கெல்லாம் சீக்கு"ம்பான். ராத்திரி பாலுஞ்சோறும் சாப்பிட்டா, "மகாராசா, உங்க தம்பி உங்க மேல கறுவிக்கிட்டு இருக்காரு"ம்பான். பாதி நெசம், பாதி இட்டுக்கட்டுனது.

ராசாவுக்கு நெஞ்சு கரிச்சுது, வயிறு உப்புசம், விடிய விடிய புளிச்ச ஏப்பம். ஆளு பாதியா இளைச்சுப்போனாரு. வைத்தியரு குடுத்த கசாயமும் நிக்கலை. அப்பத்தான் கொண்டப்பன் காதோரமா வந்து, "சமையக்காரி மாடத்தி விஷம் வைக்கிறா. நீங்க தேறுற வரைக்கும் முத்திரை மோதிரம் என் கையில இருக்கட்டும்"னான். ராசா மோதிரத்தைக் குடுக்கலை, ஆனா மாடத்தியைச் சிறையில போட்டு, வர்ற வெள்ளிக்கிழமை தலையை வாங்கச் சொல்லிட்டாரு.

செங்கமலத்துக்குத் திக்குன்னுச்சு. அவதானே தெனமும் ராசாவுக்குப் பரிமாறுறவ, அவரு எந்திரிச்சதும் அதே இலையில அதே சோத்தைப் போட்டுச் சாப்பிடுறவ. அவளுக்கு ஒரு ஏப்பம்கூட வரலை. அப்ப விஷம் சோத்துல இல்லை. பின்ன எதுல? யோசிச்சு யோசிச்சுப் பாத்தா. நான் சாப்பிடும்போது மந்திரி போயிருப்பான், அது ஒண்ணுதானே வித்தியாசம்னு தோணுச்சு.

ஆனா நம்ம நெனப்பு தப்பாப் போச்சுன்னா ஒரு பொம்பளை தலை போயிருமே, முதல்ல சோதிச்சுப் பாத்துரணும்னு முடிவு பண்ணுனா.

மாடத்தியைச் சிறையில இருந்து வெளிய கூட்டியாந்து சமைக்கச் சொன்னா. மந்திரிகிட்ட சொல்லாம ராசாவைத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போனா. ரெண்டு பேரும் அவங்க கல்யாணத்துல நடந்த கூத்தெல்லாம் பேசிக்கிட்டே சாப்பிட்டாங்க. ராசா நல்லா மென்னு, ரசம் சோறு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டு, மரத்தடியில படுத்துத் தூங்கிட்டாரு. எந்திரிச்சா நெஞ்சு கரிக்கலை.

"பாத்தீங்களா, இதுவும் மாடத்தி சமைச்சதுதான்"னா ராணி.

"இன்னிக்குப் பயந்துக்கிட்டு விஷம் வைக்காம விட்டிருப்பா"ன்னாரு ராசா.

"சரி, நாளைக்கு மந்திரிக்கு விருந்து வைங்க. மாடத்தியே சமைக்கட்டும், ஒரே பானைச் சோறு, நீங்களும் சாப்பிடுங்க. நான் செய்யிறதுல மட்டும் குறுக்க வராதீங்க"ன்னா.

மறுநாள் மந்திரி வந்து ராசாவுக்கு எதிர்ல உக்காந்தான். முதல் வாய் வச்சான், ராணியோட தாதி வந்து, "ஐயா, உங்க வைக்கோப்போர் எரியுதாம்"னா. "ஆளு போயிருக்கு, நீ சாப்பிடு"ன்னாரு ராசா. ரெண்டாவது வாய் வச்சான், "ஐயா, உங்க மாடெல்லாம் கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிருச்சாம்"னா. அதுக்கும் ஆளு போயிருக்குன்னாரு ராசா. மூணாவது வாய் வச்சான், தாதி குனிஞ்சு, "ஐயா, உங்க வீட்டுக் களஞ்சியத்தைச் சேவகருங்க திறந்து பாக்குறாங்களாம்"னா.

அவ்வளவுதான், கொண்டப்பனுக்கு வேர்த்துக் கொட்டுது. சோத்தை உருண்டை உருண்டையா முழுங்குறான், தொண்டையில நிக்குது. வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டு, "ஐயோ, விஷம் வச்சுட்டாளே"ங்கிறான்.

ராசா நிதானமா மோரைக் குடிச்சு முடிச்சாரு. "நானும் அதே சோறுதான் சாப்பிட்டேன், எனக்கு ஒண்ணுமில்லையே"ன்னாரு.

செங்கமலம் சொன்னா, "மந்திரியாரே, உங்க வைக்கோப்போர் எரியலை. மாடு கொட்டில்லதான் நிக்குது. களஞ்சியத்தையும் யாரும் திறக்கலை. உங்களுக்கு இப்படி வேர்க்கிறதைப் பாத்தா, இனிமேத்தான் திறக்கணும்போல."

திறந்தாங்க. அரமனை நெல்லும் அரமனைப் பாத்திரமும் கூரை முட்ட அடுக்கியிருந்துச்சு. கொண்டப்பனை நாட்டை விட்டுத் துரத்துனாங்க. மாடத்திகிட்ட ராசா, "உன்னைக் கொல்லப் பாத்தேன், பொறுத்துக்கோ"ன்னாரு. அவ பொறுத்துக்கிட்டாளா இல்லையான்னு தெரியாது, அடுப்படிக்குப் போயிட்டா.

வயிறு ஒரே நாள்ல நேராகலை. ரொம்ப நாளைக்கு, கை இலைக்குப் போனா ராசாவுக்குக் கண்ணு வாசலுக்குப் போகும். ராணி போய் அந்தக் கதவைச் சாத்திட்டு வருவா. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா தேறிட்டாரு.

அதனால சாப்பிடுற நேரத்துல கவலையை வெளிய நிறுத்தி வைக்கணும், பிள்ளைங்களா. ராசாவுக்கும் செரிச்சுது, ராணிக்கும் செரிச்சுது, நம்ம கதையும் செரிச்சுது, படுங்க.