இருபத்தொரு கருங்கற்கள்

பதில் சொல்லாமல் நழுவிப் போகிற ஆளாக இருந்தால் இந்தக் கதையை இப்போதே விட்டுவிடுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களை அது சும்மா விட்டதில்லை.

உப்புத்துறையில் செண்பகவடிவு என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் உலகையா, படகோட்டி. ஊர் ஊராகக் கொள்ளைநோய் பரவிய மாசியில் அவன் கடலில் இருந்தான். கோட்டைத்துறையில் ஒதுங்கப் பார்த்தான். ராஜா துறைக் கதவை அடைக்கச் சொல்லிவிட்டார். ஐந்து வணிகர்கள் கூடி ஆளும் ஐவர்துறைக்குப் போனான், அங்கேயும் அடைத்துவிட்டார்கள். கடைசியில் சொந்த ஊருக்கே வந்தான்.

உப்புத்துறையில் ராஜாவும் கிடையாது, வணிகர் சபையும் கிடையாது. வீட்டுக்கு ஒரு கல். ஈரத்துணி மூடிய பானைக்குள் கையை விட்டுப் போட வேண்டும். வெள்ளைக் கல் என்றால் திற, கருங்கல் என்றால் அடை. யார் எதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. கொட்டி எண்ணினார்கள். வெள்ளை இருபது, கருப்பு இருபத்தொன்று. கதவு திறக்கவில்லை. நாலாம் நாள் உலகையா படகிலேயே தாகத்தில் செத்தான்.

எட்டாம் நாள் உச்சிவெயிலில் அவன் வந்து வீட்டுக் குடத்தடியில் உட்கார்ந்தான்.

"வடிவு, தண்ணி குடு."

பதறிப்போய் ஊற்றினாள். தண்ணீர் அவன் தொண்டை வழியாக இறங்கித் தரையில் விழுந்தது. "இப்படி இல்ல புள்ள. என்னை வெளியே நிறுத்தின கை ஊத்தணும். நான்தான்னு சொல்லி ஊத்தணும்" என்றான். அன்றிலிருந்து அவள் கைக்குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. அப்பனின் தாகம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. ஐயோ, அந்த முகம் நாளுக்கு நாள் வாடியதை என்னென்று சொல்வேன்!

நோய் தணிந்து துறைகள் திறந்ததும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படகேறினாள். படகின் முன்பக்கம், அணியத்தில் அவன் உட்கார்ந்து வந்தான்.

கோட்டைத்துறை ராஜா கொஞ்சமும் மறைக்கவில்லை. "நான்தான் அடைக்கச் சொன்னேன். யாரைக் கேட்க வேண்டும் நான்?" என்றவர், செம்பை எடுக்கும்படி சேவகனுக்குக் கண்ணைக் காட்டினார். சேவகன் ஊற்றினான். தண்ணீர் தரையில் விழுந்தது.

ஐவர்துறையில் ஐந்து பேரும் தனித்தனியே அவளை ஓரமாக அழைத்து ஒன்றையே சொன்னார்கள்: "எனக்கு மனசே இல்லைம்மா. மற்ற நாலு பேரும்தான்..." ஒருவரும் செம்பைத் தொடவில்லை.

ஊர் திரும்பி வீடு வீடாக ஏறி இறங்கினாள். "ஊர் சொன்னதும்மா, நாங்க என்ன பண்ண?" என்றார்கள். எதிர்வீட்டு ஆவுடைத்தங்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பாவி மக, நீயாவது வெள்ளைக் கல் போட்டிருப்பே."

வடிவு கையை உருவிக்கொண்டாள். வெளியே நிற்பது யார் படகு என்று தெரிந்துதான் அன்று பானைக்குள் கையை விட்டாள். தொட்டிலில் பிள்ளை கிடந்தது. நோய் உள்ளே வந்துவிடுமே என்று நடுங்கிப்போய் அவள் போட்டது கருங்கல்.

பிள்ளைக்கு இப்போது அழக்கூடத் தெம்பில்லை. குடத்தடியில் அவன் காத்திருக்கிறான்.

சொல்லுங்கள். 'நான்தான்' என்ற ராஜாவா, ஓரமாக அழைத்துப் பேசிய ஐவரா, ஊர்மேல் பழியைப் போட்ட ஜனங்களா, வடிவா? யார் கைத் தண்ணீர் அவன் தொண்டையில் நிற்கும்?

விடை: வடிவின் கை. ராஜாவுக்கு வாய் வந்தது, கை வரவில்லை. ஐவருக்கு இரண்டுமே வரவில்லை. அவர்கள் ஊரில் அடைத்தவர்களைத் தேடிப் போகலாம். ஜனங்களே ஆளும் ஊரிலோ கல் போட்ட ஒவ்வொரு கையும் அரசன் கைதான். வேறு யாரைத் தேடிப் போவது? அவள் செம்பை எடுத்து, "நான்தான்" என்று சொல்லி ஊற்றினாள். ஒரு சொட்டும் தரையில் விழவில்லை. பிள்ளை வீறிட்டு அழுது பாலுக்குத் தாவியது. "தெரியும்" என்று சொல்லி உலகையா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "கருங்கல் போட்ட வீடு இன்னும் இருபது இருக்கு, வடிவு" என்றபடி ஆவுடைத்தங்கத்தின் வாசலை நோக்கி நடந்தான்.