பொத்தலே இல்லாத வீடு

முன்னொரு காலத்தில், மழைக்கே சலித்துப்போகும் அளவுக்கு மழை பெய்த ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். புயல் அடித்து ஊரையே புரட்டிப் போட்டதில் அரண்மனைக் கூரையிலும் ஒரு பொத்தல் விழுந்தது. விழுந்தது விழுந்தது, சரியாக ராஜாவின் கட்டிலுக்கு மேலேயா விழ வேண்டும்? மதியம் கண்ணயர்ந்தால் மூக்கின் நுனியில் ஒரு சொட்டு. ஊரே வீடிழந்து நிற்க, ராஜாவுக்குத் தன் மூக்குதான் பெரிய கவலையாக இருந்தது.

ராஜசபையின் விகடன் சடையாண்டி, ஒரு நாள் காலை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள உப்புக்குப்பத்துக்குப் போயிருந்தான். குப்பத்தார் பாட்டன் காலத்தில் கடல் கடந்து வந்து உப்பு அள்ளுகிறவர்கள். நிறம் கொஞ்சம் கூடுதல் கறுப்பு, பேச்சு கொஞ்சம் வேறு. ஆகவே இத்தனை தலைமுறைக்குப் பிறகும் அவர்களுக்கு 'வந்தவர்கள்' என்றுதான் பெயர். அங்கே ஒரு குடிசை மிச்சமில்லை. ஆனால் சிலம்பாயி என்ற உப்புக்காரி வெறும் மணலில் ஓரிடத்தில் நின்று, கால் மண்ணைத் தட்டிவிட்டு, தலையைக் குனிந்து நடந்தாள்.

"என்னம்மா இது?" என்றான் சடையாண்டி.

"வாசல் இங்கதான்ணே இருந்துச்சு. தலைக்குப் பழகிப்போச்சு, தானா குனிஞ்சுக்குது."

மூலையில் அவள் மகள் பாயில் கிடந்தாள். பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. குழந்தையை உப்புக்கூடையால் கவிழ்த்து மூடியிருந்தார்கள். கூடைக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

"பச்சப்புள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கிச்சுண்ணே. ஓடு கேட்டா, உங்க வீட்ல பொத்தலே இல்லேன்னுட்டுப் போயிட்டாங்க."

இது மந்திரி வரகுணரின் கைவரிசை. பொத்தலுக்குத் தக்கபடி புது ஓடு என்பது அவர் போட்ட சட்டம். சேவகர்கள் வீட்டுக்குள் நின்று மூங்கில் கழியைத் தூக்கிக் கூரையைக் குத்திப் பார்ப்பார்கள். கழி எங்கே நுழைகிறதோ அது பொத்தல். மந்திரியின் மாட்டுக் கொட்டகையில் கழி நாலு இடத்தில் நுழைந்தது, வண்டி வண்டியாக ஓடு இறங்கியது. குப்பத்தில் கழி வானத்தைப் பார்த்துச் சும்மா நின்றது. கூரை இருந்தால்தானே நுழைய? "பொத்தல் இல்லை" என்று அறிவித்துவிட்டார் மந்திரி.

அவன் சபைக்குத் திரும்பியபோது ராஜா மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொத்தலே இல்லாத வீடு ஒன்று வேண்டும். இன்று மதியம் நாம் அங்கேதான் உறங்க வேண்டும்!"

ஊரில் கழி நுழையாத கூரை ஒன்றுமில்லை என்று மந்திரிக்குத் தெரியும். விகடனைத் தொலைக்க இதைவிட நல்ல சமயம் ஏது? "பிரபு, சடையாண்டி அறியாத வீடா? அவனே காட்டட்டும். தவறினால் நாட்டைவிட்டே போகட்டும்" என்றார்.

"நான் தேடுவானேன் பிரபு? மந்திரியார் ஒரு குப்பம் முழுக்கக் கண்டுபிடித்து அறிவித்தே விட்டாரே!" என்றான் சடையாண்டி.

"அப்படியா! நம்மிடம் ஏன் மறைத்தீர்?" என்று ராஜா கிளம்பிவிட்டார். மந்திரி பதறிக்கொண்டு பின்னால் ஓடினார்.

குப்பத்தை அடைந்தபோது மழை வலுத்தது. ராஜாவின் தலைக்கு மேலே வெண்கொற்றக்குடை. "வீட்டுக்குள் குடை எதற்கு, பிரபு?" என்று சடையாண்டி அதை வாங்கி மடக்கினான். மந்திரி நேரே நடந்தார்.

"ஐயய்ய! சுவத்து வழியா வர்றீகளே!" என்று சிலம்பாயி அதட்டினாள். "வாசல் அந்தாண்ட இருக்கு. தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க."

ராஜா குனிந்து நுழைந்து, காட்டிய இடத்தில் படுத்தார். வாய்க்குள் மழை போயிற்று.

"சடையாண்டி! நனைகிறோம்!"

"சொட்டுகிறதா பிரபு?"

"சொட்டவில்லையடா, கொட்டுகிறது!"

"பொத்தல் இல்லாத வீட்டில் எப்படி நனைவது? மந்திரியாரைக் கேளுங்கள்."

"வரகுணரே, இங்கே பொத்தல் உண்டா?"

"இ... இல்லை பிரபு."

"அப்படியானால் நாம் நனையவில்லையா?"

"நனையவில்லை பிரபு" என்றார் மந்திரி. தாடியிலிருந்து தண்ணீர் ஒழுகிற்று.

அப்போது கூடைக்குள் குழந்தை இருமியது. ராஜா எழுந்து அந்தப் பக்கம் போனார். சிலம்பாயி குறுக்கே வந்து நின்றாள்.

"புள்ள பெத்தவ இருக்கா ராசா. ஆம்பளைங்க வரப்பிடாது. சுவரு இருக்குல்ல?"

ராஜா சட்டென்று நின்று, இல்லாத சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். மந்திரி, சேவகர், சடையாண்டி எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். கொட்டும் மழையில் அத்தனை பேரும் வரிசையாக ஆற்றைப் பார்த்து நின்றார்கள். பின்னால் இருமல் ஓயவில்லை.

"குடை! குடையை விரி!" என்று ராஜா கத்தினார். "வரகுணரே, நீரே பிடியும். திரும்பிப் பாராமல் பிடியும்!"

மந்திரி முதுகைக் காட்டியபடியே கையைப் பின்னால் நீட்டிக் குழந்தைக்குக் குடை பிடித்தார். குடையின் விளிம்பிலிருந்து வழிந்த மழை அவர் கழுத்துக்குள் இறங்கியது. அந்தக் கோலத்தைக் கண்டு ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உலகுக்கே நிழல் தரும் குடை என்று புலவர்கள் பாடுவார்கள், பிரபு. இன்றைக்குத்தான் ஓர் ஆளுக்குத் தந்திருக்கிறது" என்றான் சடையாண்டி.

ராஜாவின் சிரிப்பு அடங்கியது. "கூரையே இல்லாதவருக்கு முதல் கூரை. மாட்டுக் கொட்டகை ஓடெல்லாம் இங்கே வரட்டும். இந்த வீடு எழும்வரை குடை வரகுணர் கையில்" என்று ஆணையிட்டார். பிறகு தம் பட்டுச் சால்வையை நன்றாகப் பிழிந்து சடையாண்டிக்குப் போர்த்தினார்.

அரண்மனைப் பொத்தல் கடைசியில்தான் அடைபட்டது. அதுவரை மூக்கில் சொட்டு விழும்போதெல்லாம் ராஜா சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, "குப்பத்தில் இன்னும் எத்தனை கூரை பாக்கி?" என்று கேட்பாராம்.